பேபி அருணா அழுத சீன்

சிந்துஜா: இரும்மா, இப்பவே சிரிச்சிடாத. படத்துல அவங்க இன்னும் சாகவே இல்ல.

அருணாதேவி: சாகறதுக்குள்ள எவ்ளோ வசனம்டி! மூச்சு வாங்குதுன்னு சொல்றதுக்கே ஒரு பக்கம் பேசறாங்க.

சிந்துஜா: ஓரத்துல பாரு, மீட்டர் போட்டிருக்கேன். இருமல் மீட்டர். ஒவ்வொரு இருமலுக்கும் ஏறும்.

அருணாதேவி: நம்ம ஊர் ஆட்டோலயே எவனும் மீட்டர் போடல. நீ போயி சாகற பொம்பளைக்குப் போட்டிருக்கே.

சிந்துஜா: சரி, மொதல்லேர்ந்து போடறேன். நீ நடுவுல வந்துட்டே. ரெண்டு வாரமா உக்காந்து எடிட் பண்ணியிருக்கேன். தாத்தாவோட எண்பதாவது பொறந்தநாள் அதுவுமா, மண்டபமே உருண்டு சிரிக்கணும்.

அருணாதேவி: சீக்கிரம் போடு. நான் இன்னும் புடவையே கட்டல.

சிந்துஜா: வந்துட்டாரு பாரு நம்ம கத சொல்ற பெரியவர். சால்வை, வெத்தலப் பெட்டி, ரெண்டு நாள் முன்னாடியே சிரிச்சி வச்ச சிரிப்பு. 'வாரம் ஒரு நெஞ்சம்.' டி.வி.ல வாரா வாரம் ஒரு கதை, வாரா வாரம் ஒரு சாவு.

அருணாதேவி: அப்டியெல்லாம் சொல்லாத. ஒரு வாரம் சாவு. ஒரு வாரம் கண்ணு போயிடும். ஒரு வாரம் புள்ள பட்டணத்துக்குப் போயி திரும்ப மாட்டான். மாத்தி மாத்திதான் போட்டாங்க.

சிந்துஜா: கேளு, அவரு குரல்லயே சொல்றேன். 'அன்பு நெஞ்சங்களே! இன்றைய கதையின் நாயகி எட்டு வயதுச் சிறுமி. அவளிடம் செல்வம் இல்லை. இருந்தவை இரண்டே இரண்டு. ஒரு தாய், ஓர் அகல் விளக்கு. அவற்றில் ஒன்று இன்று அணையப் போகிறது. எது என்பதை...'

அருணாதேவி: '...உங்கள் கண்ணீர் சொல்லும்.'

சிந்துஜா: அய்யோ, மனப்பாடமா!

அருணாதேவி: பின்ன? எத்தினி தபா ஓடியிருக்கு இந்த வீட்ல! கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம்... வந்தவங்க செருப்பக் கழட்டறதுக்குள்ள உங்க தாத்தா போட்டுடுவாரு. மொதல்ல கேசட்டு, அப்பால சி.டி., இப்ப எவனோ யூட்யூப்ல ஏத்திட்டான். டி.வி. மாறிச்சு, வீடு மாறிச்சு, இது மட்டும் போகல.

சிந்துஜா: 'தாயில்லாத் தீபம்.' பேர்லயே அம்மாவக் கொன்னுட்டாங்க. அப்புறம் என்ன சஸ்பென்ஸ்? ம்... இதோ வருது. 'மற்றும் பேபி அருணா.'

அருணாதேவி: அந்த 'மற்றும்' இருக்கு பாரு, அதுக்கே உங்க தாத்தா ஒரு மாசம் தல நிமிந்து நடந்தாரு.

சிந்துஜா: கார்த்திகை தீபத்தன்னைக்குக் கத. ஆனா அம்மாவா நடிக்கறவங்களுக்கு ஏன் இப்படி வேர்த்து ஊத்துது?

அருணாதேவி: எடுத்தது சித்திரைலடி. கத்திரி வெயிலு. ரோட்ல கால் வைக்க முடியல. அந்தம்மா கம்பளி போத்திக்கினு குளுர்ல நடுங்கணும். வேர்வையப் பாத்துட்டு டைரக்டர் சொல்றாரு, 'பரவால்ல, ஜுரத்துல வேர்க்கும்'னு.

சிந்துஜா: மழையும் பெய்யுது. அவங்க தலைமேல மட்டும்.

அருணாதேவி: தண்ணி லாரி. பின்னாடி பாரு, காஞ்ச ரோட்ல ஒருத்தர் சைக்கிள நிறுத்திட்டு வேடிக்க பாக்கறாரு.

சிந்துஜா: அவருக்கு அம்புக்குறி போட்டிருக்கேன். 'மழையைத் துறந்த மகான்.' அடுத்தது நம்ம ஹீரோ. மாடு.

அருணாதேவி: அய்யய்யோ, அந்த மாடு!

சிந்துஜா: அம்மா இருமறாங்க, மாடு திரும்பிப் பாக்குது. அம்மா கீழ விழறாங்க, மாட்டுக் கண்லேர்ந்து தண்ணி. 'மற்றும் பேபி மாடு'னு போட்டிருக்கேன்.

அருணாதேவி: சோடா பாட்டில்ல தண்ணி வச்சிக்கினு ஒருத்தன் மாட்டுக்குப் பின்னாடியே சுத்துவான். அது மண்டைய ஆட்டி அவன் சட்டையத்தான் நனைச்சிது. எல்லாத்தவிடக் கூத்து இன்னா தெரியுமா? அந்த மலை.

சிந்துஜா: மலைக்கு என்ன?

அருணாதேவி: அட்டை! இவ்ளோ பெரிய மலைய முதுகுக்குப் பின்னாடி வச்சிக்கினு, அட்டைல ஒரு மலை செஞ்சி, அதுமேல பல்பு வச்சி தீபம்னாங்க. கேட்டா, நெஜ மலை கேமரால மலை மாதிரி தெரியலயாம்.

சகாதேவன்: பேபி! இன்னா உள்ள ஒரே சிரிப்பு?

அருணாதேவி: ஒண்ணுமில்லப்பா! சிந்துஜா நம்ம படத்த ஓட்டிக்கினு இருக்கா.

சகாதேவன்: நம்ம படமா! அழுவற சீன் வந்துடுச்சா?

சிந்துஜா: இன்னும் வரல தாத்தா. இப்பதான் மாடு அழுது முடிச்சிருக்கு.

சகாதேவன்: எதையும் கட் பண்ணிடாத கண்ணு. படம் முடிஞ்சதும் லைட்டப் போட்டு, பேபி மேடைக்கு வந்து எல்லார் முன்னாடியும் ஒரு தபா அழுது காட்டணும். மைக் செட்டுக்காரன்கிட்ட சொல்லி வச்சிட்டேன்.

அருணாதேவி: அப்பா, எனக்கு நாப்பத்தாறு வயசாவுது.

சகாதேவன்: அழுவறதுக்கு இன்னா வயசு? கேட்டுக்க சிந்துஜா. அன்னைக்கு டைரக்டராலயே முடியல. நான் போயி இவகிட்ட ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். கொட்டுச்சு பாரு கண்ணீரு! அது இன்னா வார்த்தைனு இன்னைய வரைக்கும் நான் எவனுக்கும் சொன்னதில்ல.

அருணாதேவி: சொல்லவே வேணாம்பா. நீங்க போயி சட்டையப் போடுங்க. கார் வந்துடப் போவுது.

சிந்துஜா: போயிட்டாரு... ம்மா, அந்த வார்த்தை என்னன்னு நம்ம வீட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. முருகவேல் மாமா, 'பூச்சாண்டி வரான்'னு சொன்னாருங்கறாரு. சரசு பெரியம்மா, பொம்மைய ஒடைச்சிடுவேன்னு சொன்னதாக் கேள்விப்பட்டாங்களாம்.

அருணாதேவி: எங்கிட்ட ஏது பொம்மை?... நீ படத்தப் போடு. அம்பாசடர் கார் வருமே, அது சூப்பரா இருக்கும்.

சிந்துஜா: வருது வருது. பணக்காரப் புருஷன், பொண்டாட்டி. கொழந்த இல்லாதவங்க. அம்மா செத்து பாதி வசனம்கூட முடியல, அதுக்குள்ள அடுத்த அம்மா கார்லேர்ந்து எறங்கிட்டாங்க.

அருணாதேவி: ஆர்டர் போட்டா பிரியாணிகூட அவ்ளோ சீக்கிரம் வராது.

சிந்துஜா: செத்துக் கெடக்கறவங்க வாயோரம் என்னம்மா அது?

அருணாதேவி: வடைத் தூளு! பாத்துட்டியா? நல்ல மனுஷிடி அவங்க. ஷாட்டுக்கு நடுவுல மசால் வட தின்னுவாங்க, பிச்சி பாதி எனக்குக் குடுப்பாங்க. செத்த மாதிரிப் படுத்தா வாயோரத்துல வடை ஒட்டிக்கினு இருக்கு. அதப் பாத்தா எனக்கு சிரிப்பு. 'கட்! கட்!' கிளிசரின் ஊத்தினாங்க. கண்ணு எரியுது, வாய் சிரிக்குது. டைரக்டர் தலைல கைய வச்சிக்கினு நடுரோட்ல உக்காந்துட்டாரு.

சிந்துஜா: இதோ... அந்த சீன்.

அருணாதேவி: இங்க ஏன் ஒண்ணும் போடல? மீட்டர் இல்ல, அம்புக்குறி இல்ல... ஒரு ஆடு கத்தற சத்தமாவது போட்டிருக்கலாமே.

சிந்துஜா: போட்டுப் பாத்தேன். ஒட்டல.

அருணாதேவி: இதாண்டி இருக்கறதுலயே கேவலமான எடம். நாலு வயலின் சேந்து ஒப்பாரி வைக்குது. எனக்கு டப்பிங் பேசின பொம்பளைக்கு முப்பது வயசு. கொழந்த மாதிரி பேசறேன்னு மூக்கப் புடிச்சிக்கினு பேசியிருக்கு. 'அண்ணாமழையாழே! என் அம்மாவத் திழுப்பிக் குழுங்க!' எட்டு வயசுல நான் ஒழுங்காத்தான் பேசுவேன்.

சிந்துஜா: அதான்மா கேக்கணும்னு இருந்தேன். குரல் அத சொல்லுது. உன் வாய் அத சொல்லல.

அருணாதேவி: அந்தக் காலத்துல வாயும் குரலும் எங்க சேந்துச்சு?

சிந்துஜா: மத்த எடத்துல எல்லாம் சேருது. இங்கதான் இல்ல. ரொம்ப மெதுவா ஓட்டிப் பாத்தேன். 'அண்ணாமலையாரே'ன்னா கடைசில ஒதடு ஒட்டக் கூடாது. உன்னோட ஒதடு ஒட்டி ஒட்டித் தொறக்குது. கடைசி எழுத்து 'ப்பா'.

அருணாதேவி: எதாவது ஒளறியிருப்பேன்.

சிந்துஜா: அட்டை மலை வலது பக்கம். நீ மலையப் பாக்கவே இல்ல. கேமராவுக்கு இந்தப் பக்கம் பாத்து யாருகிட்டயோ கேக்கறே. யாரு நின்னாங்க அங்க?

அருணாதேவி: லைட்டுக்காரன் நின்னிருப்பான்.

சிந்துஜா: லைட்டுக்காரன 'ப்பா'னு கூப்டுவியா?

அருணாதேவி: ...அடுப்புல பால் வச்சேன். பொங்கியிருக்கும். பாத்துட்டு வந்துடறேன்.

சிந்துஜா: இன்னைக்குப் பாலே வாங்கல. உக்காரும்மா.

அருணாதேவி: இன்னாடி, போலீஸ் மாதிரி...

சிந்துஜா: உக்காரு.

அருணாதேவி: சரி, சொல்றேன். ஆனா நான் சிரிக்கற மாதிரிதான் சொல்வேன். நீயும் சிரிக்கணும்.

சிந்துஜா: ம்.

அருணாதேவி: வெளிச்சம் போயிக்கினு இருக்கு. டைரக்டர் சொல்லிட்டாரு, 'இந்தப் பொண்ணு வேலைக்கு ஆவாது, நாளைக்கு வேற பொண்ண வரவழைச்சிக்கறேன்'னு. ஷூட்டிங் ஆளுங்க எல்லாம் அப்ப தாத்தா நடத்தின லாட்ஜுலதான் தங்கியிருந்தாங்க. உங்க தாத்தா ஊரெல்லாம் சொல்லி வச்சிட்டாரு, எம் பொண்ணு டி.வி.ல வரான்னு. மூஞ்சி சுண்டிப்போச்சு மனுஷனுக்கு. லாட்ஜுக்குள்ள போனாரு. கொஞ்ச நேரம் கழிச்சி ஓடியாராரு. தலையெல்லாம் கலைஞ்சி, துண்டு கீழ விழுந்து... நடிப்புன்னா அதாண்டி நடிப்பு! அந்த எபிசோடுலயே நல்லா நடிச்சவரு அவருதான். பேருதான் போடல.

சிந்துஜா: என்ன சொன்னாரு?

அருணாதேவி: 'அம்மா போயிட்டாம்மா. ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சி. பஸ்ல அடிபட்டுப் போயிட்டா.' ஒரு வார்த்தை, ஒரு வார்த்தைங்கறாரே... எங்க ஒரு வார்த்தை? நீட்டி முழக்கித்தான் சொன்னாரு. சிரிக்கலியே நீ.

சிந்துஜா: நீ நம்பிட்டியா?

அருணாதேவி: நம்பாம? அன்னைக்குக் காலைல அம்மா கீழ்பென்னாத்தூருக்கு மல்லாட்டக் கடல காயப்போடப் போனாங்க. நாந்தான் கூடப் போயி பஸ் ஏத்தி வுட்டேன். டாட்டாகூட காட்டினேன். அப்பால எப்டி நம்பாம இருக்கறது? 'நெஜமாவாப்பா?'ன்னு கேட்டேன். அவரு கேமராவுக்கு இந்தாண்ட நின்னுக்கினு தலைய ஆட்டறாரு. திரும்பக் கேட்டேன். திரும்ப ஆட்டறாரு. கேமரா ஓடறதே எனக்குத் தெரியாது. டைரக்டர் கட்டே சொல்லல. நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் ஓடட்டும்னு வுட்டுட்டாரு.

சிந்துஜா: அப்புறம்?

அருணாதேவி: அப்புறம் எல்லாரும் கை தட்டினாங்க. அந்த வட தின்ன அம்மா மட்டும் எழுந்து போயிட்டாங்க, எங்கிட்ட பேசல. உங்க தாத்தா தோள்ல தூக்கிக்கினு போயி ரோஸ்மில்க் வாங்கிக் குடுத்தாரு. 'சொம்மா சொன்னேன்டா கண்ணு'ன்னாரு. குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சி.

சிந்துஜா: பாட்டி வந்தாங்களா?

அருணாதேவி: சாயங்கால பஸ்ல வந்தாங்க. நான் கிட்டப் போகல. கூடைலேர்ந்து பச்ச மல்லாட்ட எடுத்துக் குடுத்தாங்க, வாங்கல. கதவாண்ட நின்னு பாத்துக்கினே இருந்தேன். 'டி.வி.ல நடிச்சதும் கொழுப்பு ஏறிடுச்சா'ன்னு முதுகுல ஒண்ணு வச்சாங்க. நல்லா வலிச்சிது. அப்பதான் உயிரோட இருக்காங்கன்னு நம்பினேன்.

சிந்துஜா: அவங்ககிட்ட சொல்லவே இல்லியா நீ?

அருணாதேவி: எப்டிடி சொல்றது? டி.வி.ல வந்தன்னைக்குத் தெருவே நம்ம வீட்ல. அம்மா மொத ஆளா முன்னாடி உக்காந்து அழுதாங்க. 'எம் பொண்ணு எப்டி அழுவுது பாருங்க'ன்னு பக்கத்துல இருந்தவங்களத் தட்டித் தட்டிக் காட்டினாங்க. தன் சாவுக்குத்தான் அழுவுறேன்னு தெரியாமலே போயிட்டாங்க.

சிந்துஜா: சரசு பெரியம்மா ஒரு தபா சொன்னாங்க... பாட்டி செத்தப்ப நீ...

அருணாதேவி: அழலன்னா? அத ஊர் பூரா சொல்லியிருக்கா. அன்னைக்கே கேட்டாளே. பொணத்த நடுவுல வச்சிக்கினு, அத்தினி பேர் முன்னாடி. 'டி.வி.க்காரனுக்கு அந்த அழுக அழுதே, பெத்தவளுக்கு ஒரு சொட்டு இல்லியா'ன்னு.

சிந்துஜா: நீ என்ன சொன்னே?

அருணாதேவி: வந்தவங்களுக்கு நாற்காலி போடணும்னு வெளிய போயிட்டேன்.

சிந்துஜா: ஏம்மா அழல?

அருணாதேவி: எனக்குப் போன் பண்ணதே உங்க தாத்தாதான். பட்டப்பகல்ல. நான் ஆபீஸ்ல இருந்தேன். 'அம்மா போயிட்டாம்மா'ன்னாரு. அதே வார்த்தை. அதே குரலுடி... 'சரிப்பா, வேலையா இருக்கேன், சாயங்காலம் பேசறேன்'னு வச்சிட்டேன்.

சிந்துஜா: வச்சிட்டியா?

அருணாதேவி: வச்சிட்டு டீ குடிச்சேன். பக்கத்து சீட்டு ராமன் சார் எதோ ஜோக் சொன்னாரு, சிரிச்சேன். உங்க அப்பா ஸ்கூட்டர எடுத்துக்கினு ஆபீஸ் வாசலுக்கே வந்துட்டாரு. அவரப் பாத்து, 'நீங்களும் இதுல கூட்டா?'ன்னு கேட்டேன். அவரு மூஞ்சி போன போக்கப் பாத்துதான்... அப்பகூட முழுசா நம்பல. போயிக் கையத் தொட்டுப் பாத்தேன். ஜில்லுனு இருந்துச்சி. ஆனா அழுக வரல. அது ஏற்கெனவே அழுது முடிச்சாச்சேடி. ஊரே பாத்துச்சி. அவார்டு வேற குடுத்தாங்க.

சிந்துஜா: தாத்தா மேல கோவமே வரலியா உனக்கு?

அருணாதேவி: கெட்டவரு இல்லடி அவரு. எனக்கு அம்மை போட்டப்ப, பக்கத்துலயே உக்காந்து வேப்பிலையால விசிறினாரு. அவருக்கு அது தப்புன்னே தெரியாது. அத சாமர்த்தியம்னு நெனைக்கறாரு. இத்தினி வருஷம் கழிச்சி எவ போயி சொல்றது? அதான் நானும் ஒவ்வொரு விசேஷத்துலயும் மூக்க உறிஞ்சி, 'அண்ணாமழையாழே'ன்னு அழுது காட்டிட்டு சாப்பாட்டுப் பந்திக்குப் போயிடறேன். எல்லாருக்கும் சந்தோஷம்.

சகாதேவன்: பேபி! கார் வந்துடுச்சி. இன்னா இன்னும் கட்டலியா?

அருணாதேவி: இதோ கட்டிடறேம்பா.

சகாதேவன்: ஒண்ணு யோசிச்சேன். எண்பது ஆயிடுச்சி, இன்னும் எதுக்கு ரகசியம்? படம் ஓடினதும் நானே மைக்கப் புடிச்சி அந்த வார்த்தைய சொல்லிடப் போறேன். அசந்துடுவானுங்க! நான் சொன்னதும் நீ டக்குனு அழுவ ஆரம்பிக்கணும். சரியா?

அருணாதேவி: ...சரிப்பா.

சகாதேவன்: சீக்கிரம், சீக்கிரம். நான் கார்ல போயி உக்கார்றேன்.

சிந்துஜா: ம்மா...

அருணாதேவி: அந்தப் பச்சப் புடவைய எடு. ஜரிக ஜாஸ்தி இல்லாதது.

சிந்துஜா: ம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த இருமல் மீட்டரு, மாடு, அம்புக்குறி... இதெல்லாம் மண்டபத்துக்கு இல்ல. உன்ன உக்கார வச்சி அந்த சீன் வரைக்கும் பாக்க வைக்கத்தான் பண்ணேன். இல்லன்னா பாதில எழுந்து போயிடுவே.

அருணாதேவி: அப்ப மண்டபத்துக்கு?

சிந்துஜா: வேற ஒண்ணு இருக்கு. இரு, காட்டறேன். அந்த சீன் மட்டும்தான். வயலின் இல்ல. அந்தப் பொம்பள குரலும் இல்ல. சத்தமே இல்ல. உன் மூஞ்சி மட்டும். கீழ ஒரே ஒரு வரி எழுதியிருக்கேன், நீ நெஜமா சொன்னது: 'நெஜமாவாப்பா?' நீ இப்ப சொல்றதுக்கு முன்னாடியே உன் ஒதட்டப் பாத்துக் கண்டுபுடிச்சிட்டேன். எதுக்கு அப்படிக் கேட்டேங்கறதுதான் தெரியாது. உங்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு இருந்தேன்... ம்மா, வேணாம்னா சொல்லு. அழிச்சிடறேன். பழைய எபிசோடையே போட்டுடலாம். மண்டபம் பூரா சொந்தக்காரங்க. தாத்தா பாவம், மைக்கக் கைல வச்சிக்கிட்டு நிப்பாரு. ஏதாவது பேசும்மா... அழிச்சிடட்டா?

அருணாதேவி: எழுத்து ரொம்ப சின்னதா இருக்குடி. பெருசு பண்ணு. மேடைல இருக்கும்போது உங்க தாத்தா கண்ணாடி போட மாட்டாரு.